காதில் விழுவதும் காது கொடுப்பதும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுக்குக் காலையிலும் மாலையிலும் பேதோவன் வருகிறார். அவர் வருவது ஒரு முச்சக்கர வண்டியில். வண்டியின் பின்புறத்துக் கண்ணாடிப் பெட்டியில் பாணும் பணிஸும் அடுக்கப்பட்டிருக்கும். அதன் கூரையிற் பொருத்திய சிறிய ஒலிபெருக்கி, எலீஸ் என்னும் பெண்ணுக்கென 1810இல் எழுதப்பட்டு, எழுதியவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின் 1867இல் அச்சேறிய பியானோ உருப்படியொன்றின் முதற் சில சுரங்களைத் தகரக் குரலில் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். சிங்களத்தில் 'சூன் பாண்' என வழங்கும் இவ்வண்டியின் ஓசை கேட்டதும் படலைகள் திறக்கும். சில்லறைக் காசுடன் சிறுவர் ஓடிவருவர். அங்கே இசை கேட்பவர் எவருமிலர். பாண் வந்துவிட்டது என்ற செய்தியே கேட்கப்படுகிறது. தாய்வான் நாட்டில் இதே உருப்படி குப்பை வண்டியின் வரவை அறிவிக்கின்றது. செவிப்புலனை மெல்ல மெல்ல இழந்துகொண்டிருந்த ஒருவர் ஆக்கிய இசைக்கு, செவி படைத்த மாந்தர் இரு நாடுகளில் அளித்துள்ள பணி இதுவாகும்.

அவ்வொழுங்கைகளில் ஒன்றில் வாழும் கலைப்பீட மாணவன் ஒருவன், அவ்வுருப்படியைத் தொடக்கம் முதல் முடிவு வரை முதன்முறையாகக் கேட்டபோது தனக்குப் பசியெடுத்தது என்று நண்பர்களிடம் கூறிச் சிரிப்பதுண்டு. சிரிப்புக்குரிய செய்திதான். ஆயினும் அதன் அடியில் ஒரு வருத்தமும் உண்டு. அவன் அவ்விசையை ஆயிரம் முறையேனும் கேட்டிருப்பான். ஒருமுறையும் கேட்டதில்லை.

தமிழில் இவ்வாறு எழுதினால் முரண்போலத் தோன்றுவதற்குக் காரணம், 'கேட்டல்' என்ற ஒரே சொல்லின்மேல் தமிழர் பல சுமைகளை ஏற்றிவைத்திருப்பதேயாகும். ஓசை செவியில் வந்து படுவதும் கேட்டல், கருத்தூன்றிச் செவிமடுப்பதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல், கடனாகவோ பிச்சையாகவோ இரப்பதும் கேட்டல். பேச்சு வழக்கு இவ்வேறுபாட்டை அறியாததன்று. 'காதில் விழுந்தது' என்பதும் 'காது கொடுத்துக் கேட்டான்' என்பதும் ஒன்றல்ல என்பதை எழுத்தறிவில்லாத பாட்டியும் அறிவாள். முன்னதில் மனிதன் செய்வது எதுவுமில்லை. ஓசையே வந்து விழுகிறது. பின்னதிலோ கொடுத்தல் என்னும் வினை உண்டு. கொடுப்பவன் தன்னிடமுள்ள எதையோ இழக்கிறான். வள்ளுவர் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தைக் கேள்விக்கென ஒதுக்கி, அதனைச் செல்வத்துள் ஒன்றாக வைத்தபோது காதில் விழுவதை அவர் கருதியிருக்க முடியாது.

சங்கப் புலவர்கள் அசுணம் என்றோர் உயிரினத்தைப் பற்றிப் பேசுகின்றனர். விலங்கோ பறவையோ என்று உரைகாரரும் பிற்காலத்தாரும் இன்றுவரை வாதிடும் அவ்வுயிர் யாழிசையில் மயங்கி வெளிப்படும். பறையின் கடுமொலி கேட்டால் உயிர் துறக்கும். அகநானூற்றிலே ஒரு மலைமுழையில் இருக்கும் அசுணம், வண்டினத்தின் ஒலியை யாழொலியெனக் கொண்டு உற்றுக் கேட்கின்றது. நற்றிணையிலே அசுணத்தைக் கொல்பவரின் கை, முன்னர் இன்பமும் பின்னர் துன்பமும் தருவதற்கு உவமையாகின்றது. இத்தகைய உயிர் உலகில் இருந்ததா என்ற வினாவை விலங்கியலாருக்கு விட்டுவிடலாம். கேட்டலையே உயிர்நாடியாகக் கொண்ட ஓர் உயிரைக் கற்பனை செய்யத்தக்க செவி அப்புலவர்களுக்கு இருந்தது. காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு அவ்வுயிரை நிறுத்தினால் அது எத்தனை கணம் தாங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வீதியிலேதான் மேற்சொன்ன மாணவன் ஞாயிறுதோறும் 155ஆம் இலக்கப் பஸ் வண்டியில் ஏறுகிறான். வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இணைத்து மட்டக்குளிவரை செல்லும் வண்டி அது. சாரதியின் தலைக்கு மேலே ஒலிபெருக்கி. அதில் எவரும் விரும்பிக் கேளாத, எவரும் நிறுத்தும்படியும் கேளாத பாடல்கள். நடத்துநரின் கூவல், பின்னால் வரும் வண்டியின் ஊதல், முன்னிருக்கைச் சிறுமியின் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு விளையாட்டின் இசை. அவன் தன் செவிப்பொறிகளிரண்டையும் எடுத்துக் காதுகளில் அடைத்து, பிறர் சத்தத்தைத் தன் சத்தத்தால் மூடிக்கொள்கிறான். வரம்பின்றிப் பாடல்கள் அவனுடைய சட்டைப் பைக்குள் உள. ஒன்று பிடிக்காவிடின் இருபது விநாடியில் மற்றொன்று. பம்பலப்பிட்டி கடந்து, தும்முல்லைச் சந்தி கடந்து, மருதானை சென்று சேர்வதற்குள் அறுபது பாடல்களின் பல்லவிகளைத் தொட்டுச் சென்றிருப்பான். அவற்றுள் எதனையும் இறங்கும்போது நினைவுகூர இயலாது.

இதனை இளைஞரின் குறையென்று கூறி ஒதுக்குவது எளிது; மேடைப் பேச்சாளர் பலர் அதனையே செய்கின்றனர். உண்மையில் செவிக்கு இமையில்லை. வேண்டாததைப் பாராதிருக்கக் கண்ணை மூடலாம். காதுக்கு அவ்வசதியை இயற்கை அளிக்கவில்லை. ஆதலால் மூடும் வேலையை மூளை ஏற்றுக்கொள்கிறது. 1953ஆம் ஆண்டில் கொலின் செறி என்ற ஆய்வாளர் இருகாதுகளிலும் இருவேறு பேச்சுகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, ஒரு காதின் பேச்சை மட்டும் கேட்போர் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மறு காதிற்கு வந்த பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜேர்மன் மொழிக்கு மாறியதைக்கூடப் பலர் அறிந்திலர். ஓசை புகுந்தது, மனம் கதவைத் திறக்கவில்லை. வெள்ளவத்தையிற் குடியிருப்போருக்கு இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறை வந்து தங்கும் விருந்தாளி, இரவு முழுவதும் கடல் இரைவதாலும் கரையோரப் புகையிரதம் தடதடப்பதாலும் உறக்கமின்றித் தவிப்பார். காலையில் அதைச் சொன்னால் வீட்டார் வியந்து, கடல் இரைகிறதா என்று கேட்பர். கேளாமை ஒரு தற்காப்பு. நாள் முழுவதும் இசையால் நனைக்கப்படும் செவி இசையையும் கடலோசையாக்கிவிடுகிறது. அதன் பின்னர், கேட்க விரும்பும்போதும் அக்கதவு எளிதில் திறப்பதில்லை. இடர்ப்பாடு அங்கேதான் உள்ளது.

மாணவன் ஞாயிறுதோறும் காணச் செல்வது கொட்டாஞ்சேனையில் வாழும் தன் தாயின் தந்தையாரை. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அளவெட்டியிற் பிறந்து, ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையை இருவருடன் பகிர்ந்து வாழத் தொடங்கியவர் அவர். முதலாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது ஒரு வானொலிப் பெட்டி. அதற்கு அக்காலத்தில் உரிமப்பத்திரமும் பெறவேண்டும். குமிழைத் திருகியவுடன் அது பேசாது. உள்ளிருக்கும் வால்வுகள் சூடேறும் வரை காத்திருத்தல் வேண்டும். சிறு விளக்கு மெல்ல மஞ்சளாகும். பின்னர் ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து குரல் வரும். அந்த அரை நிமிடக் காத்திருப்பே தமக்கு இசை கேட்கக் கற்றுத்தந்தது என்று அவர் சொல்வார். அது சற்று மிகையாகவும் இருக்கலாம். முதியோர் தம் காலத்து இடையூறுகளையெல்லாம் பிற்பாடு குருவாக்கிவிடுவதுண்டு.

கொழும்பில் வானொலி 1925 டிசெம்பர் 16இல் முறையாகத் தொடங்கியது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஏற்பட்டது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுப்பன எனக் கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமின்றிச் செய்ததும், அந்நாட்டு மக்கள் தம் பெட்டிகளின் முள்ளை இலங்கை நோக்கித் திருப்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நெடுநாள் நீடித்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் பாக்குநீரிணையின் இருமருங்கிலும் வீட்டுக் குரலாயிற்று. வானொலியைக் கேட்போரை இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர்கள் 'நேயர்கள்' என்றே விளித்தனர். நேயம் கொண்டவர் நேயர். கேட்பவரைக் கேட்பவர் என்று சொல்லாமல் அன்பு பூண்டவர் என்று சொன்ன அச்சொல், செவிமடுத்தலைப் பற்றிய ஒரு கொள்கையையே தன்னுள் அடக்கி நிற்கின்றது.

எனினும் அதே வர்த்தக ஒலிபரப்புத்தான் பாடலுக்கும் பாடலுக்குமிடையே பற்பசையையும் சவர்க்காரத்தையும் வைத்தது. அடுக்களையில் தேங்காய் திருவும்போதும், கடையில் அரிசி நிறுக்கும்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்றாக இசையை ஆக்கியதும் அதுவே. 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1954இல் கைக்கடக்கமான வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பின்னர், இசை மனிதனோடு நடக்கத் தொடங்கிற்று. 1979இல் யப்பானியர் வாக்மனை வெளியிட்டபோது அது அவன் காதுக்குள்ளேயே குடிபுகுந்தது. ஆகவே நேயரும் அவரே, கேளாதாரும் அவரே. ஒரே வீட்டில், ஒரே பெட்டியின் முன், காலையில் ஒருவராகவும் மாலையில் மற்றவராகவும் அவர் இருந்தார்.

அப்படியாயின் பின்னணி இசை நவீன காலத்தின் நோய்தானா? தமிழர் இவ்வினாவுக்கு அவசரப்பட்டு ஆமென்று விடையிறுத்தல் கூடாது. மங்கல நாண் பூட்டும் கணத்தில் கெட்டிமேளம் முழங்குவது எதற்காக? தும்மலோ, அழுகுரலோ, அவச்சொல்லோ எவர் காதிலும் விழாதிருப்பதற்காக. ஓசையை ஓசையால் மூடும் வேலைதான் அது. பஸ் வண்டியில் மாணவன் செய்வதும் அதுவே. விருந்தினர் உரத்துப் பேசிக்கொண்டிருக்க, பந்தலின் ஒரு மூலையிலிருந்து நாதஸ்வரக்காரர் அரிய கீர்த்தனைகளை வாசிப்பார். ஒருவரும் திரும்பிப் பாரார். இதே கருவியை, சில வேளை இதே கலைஞரை, கோயில் திருவிழாவிலே யாழ்ப்பாணத்தார் இரவு முழுவதும் வெளிவீதி மணலில் அமர்ந்து கேட்டனர். மேளச்சமா என்பது அதற்குப் பெயர். 1975இல் மறைந்த தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்க ஊர்விட்டு ஊர் நடந்து சென்றவர்கள் உண்டு. இம்முதியவரும் சிறுவனாக அவ்வாறு நடந்தவர். சமாவில் எவரும் பேசார் என்று எண்ணுதல் தவறு. அங்கே கச்சான் விற்கும், குழந்தை அழும், பின்வரிசையில் காணி வழக்கும் பேசப்படும். ஆயின் வித்துவான் ஓரிடத்தைத் தொடும்போது அத்தனை பேரின் தலையும் ஒருங்கே அசையும். அப்பேச்சுக்கிடையிலும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர் என்பதற்கு அவ்வசைவே சான்று.

ஆகவே மௌனமாக இருத்தல் வேறு, கேட்டல் வேறு. 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அக்கடமி முதலான சபைகளில் மௌனத்துக்குக் குறைவில்லை. ஆயினும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போவது இன்றும் நகைச்சுவைக்குரிய வழக்கமாக நீடிக்கிறது. கொழும்பு மண்டபங்களில் நடைபெறும் அரங்கேற்றங்களிலும் மௌனம் உண்டு. அம்மௌனத்தின் நடுவே ஐம்பது கைத்தொலைபேசிகள் உயர்ந்து நிற்கும். பின்னர் கேட்கலாம் என்று இப்பொழுது கேளாதிருக்கும் மௌனம் அது. பதிவுசெய்த அவ்வொளிப்படங்களைப் பின்னர் எவரும் முழுமையாகப் பார்ப்பதில்லை என்பதை உறவினர் அனைவரும் அறிவர், சொல்வதில்லை.

இவ்விடத்தில் எரிக் சாத்தி என்ற பிரெஞ்சு இசையாளரின் கதை நினைக்கத்தக்கது. கவனிக்கப்படாதிருப்பதற்கென்றே இசை எழுத வேண்டுமென அவர் விரும்பினார். நாற்காலியும் மேசையும்போல அறையில் இருந்துகொண்டிருக்கும் அவ்விசைக்குத் தளபாட இசை என்று பெயரிட்டார். 1920இல் பாரிஸ் நகரில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதனை ஒலிக்கச் செய்தபோது, கூடியிருந்தோர் இசை கேட்டதும் பேச்சை நிறுத்தித் தத்தம் இருக்கையில் அமர்ந்துவிட்டனர். சாத்தி பதைத்து, பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று மன்றாட வேண்டியதாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் மாந்தருக்குக் கேளாதிருக்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. அப்பாடத்தை வணிகர் விரைவிற் கற்பித்து முடித்தனர். 1934இல் மியூசாக் என்ற பெயரைப் பெற்ற அமெரிக்க நிறுவனம், உணவகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கம்பிவழி இசை வழங்கிற்று. வேலையாளின் சோர்வை அளந்து அதற்கேற்பத் தாளத்தை விரைவுபடுத்தும் முறைகளையும் பின்னாளில் வகுத்தது. இன்று காலி வீதிப் புடைவைக் கடைகளில், மின்னுயர்த்தியில், பல்வைத்தியரின் அறையில் ஒலிப்பது அதன் வழித்தோன்றலே. கோயிலும் தப்பவில்லை. பூசை வேளையில் விசையைத் தட்டியதும் முரசும் மணியும் சேமக்கலமும் தாமே அடிக்கும் மின்பொறிகள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பரவிவிட்டன. வாசிப்பவன் வேண்டாத இசை அது. கேட்பவனும் வேண்டியதில்லை என்பதை அது கேளாமலே சொல்லிவிடுகிறது.

கொட்டாஞ்சேனை ஓசைக்குப் பேர்போன பகுதி. புனித லூசியாள் பேராலயத்தின் மணி, பள்ளிவாசலின் அழைப்பு, பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரத்தின் மேளம், விகாரைப் பிரித், துறைமுகம் நோக்கிச் செல்லும் பாரவூர்தி எல்லாம் ஒன்றன்மேலொன்றாக வந்து படியும். 2007இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு வரம்பு விதித்தது. கேளாதிருக்கும் உரிமையும் மனிதனுக்குண்டு என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது எனலாம். கேட்கும் உரிமையைப் பற்றி எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கத் தேவையில்லாத காலமொன்று இருந்தது.

அவ்வாறிராத காலமும் இருந்தது. முதியவர் வெள்ளவத்தையில் இல்லறம் நடத்திய வீட்டில் எண்பதுகளின் தொடக்கத்தில் இசைத்தட்டுகள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. பல பழைய அரக்குத் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடாதவை. கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடியை விரித்த டி. என். இராஜரத்தினம் பிள்ளையும் தட்டிலே அச்சில நிமிடங்களுக்குள் தம்மை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிறு மாலைகளில் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் அவர் வைப்பதில்லை. 1983 யூலை 25ஆம் நாள் அவ்வீடு எரிக்கப்பட்டது. அரக்குத்தட்டு உடையும், பிற்காலத்துப் பிளாஸ்திக் தட்டு உருகும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது அலுமாரி நின்ற இடத்தில் இரண்டும் ஒன்றாய் இறுகிக் கிடந்த கட்டியொன்றை அவர் கண்டார். அதை எடுத்து வரவில்லை.

பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாகியிருந்தது. வகுப்பறையின் தரையில் குடும்பம் குடும்பமாகக் கிடந்தோர் நடுவே எவரோ கொண்டுவந்திருந்த ஒரு சிறு திரான்சிஸ்டர். செய்தி நேரத்தில் அழுத குழந்தையின் வாயைத் தாய் பொத்துவாள். அந்த அறையில் அச்செய்தி கேட்கப்பட்டதுபோல எந்த வித்துவானையும் எந்தச் சபையும் கேட்டதில்லை என்று முதியவர் ஒருமுறை பேரனிடம் கூறியுள்ளார். செய்திக்கும் செய்திக்கும் இடையே பெட்டி வழக்கம்போல வாத்திய இசையை ஒலித்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்டவரும் இல்லை. கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்து, பல ஆண்டுகள் அளவெட்டியிலிருந்து, தொண்ணூறுகளில் மகளோடு மீண்டும் கொழும்புக்கு வந்த பின்னர் அவர் ஓர் இசைத்தட்டையேனும் ஒலிநாடாவையேனும் வாங்கியதில்லை. அவ்வாண்டுகளில் அவ்வீட்டில் தமிழ்ப் பாடல் ஒலித்தால் யன்னலைச் சாத்திவிட்டே கேட்பர். வாசலில் வண்டியொன்று நின்றால் ஒலியைக் குறைப்பர். அக்காலத்துச் செவிகள் கூர்மையானவை. அவை கூர்ந்தது இசைக்காக அன்று.

முதியவர் தமக்கென வைத்துக்கொண்ட இசை ஒன்றே ஒன்று. மாலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போய், தூணோரம் நின்று, மேளம் ஓயும்வரை கேட்டுவிட்டுத் திரும்புவது. இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறு நடந்தன.

இப்போது அதுவும் குறைந்துவருகிறது. முதுமையிற் செவிப்புலன் குன்றும்போது முதலிற் போவன உச்சமான ஓசைகள். பேச்சிலே உயிரெழுத்துகள் ஒருவாறு கேட்கும். மெய்களின் கூர்முனைகள் மழுங்கும். ஆதலாலேயே முதியோர், சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்கின்றனர். மகள் வாங்கிக் கொடுத்த செவித்துணைக் கருவியை அவர் இரண்டு மாதம் அணிந்தார். அது விலைகுறைந்த கருவி. மின்விசிறியையும், தெருவையும், தட்டில் கரண்டி படுவதையும், மகளின் குரலையும் ஒரே அளவாகப் பெருக்கிக் கொடுத்தது. பெருக்கத் தெரிந்த கருவிக்குத் தெரிந்தெடுக்கத் தெரியவில்லை. அவர் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

இவ்வாண்டுத் திருவிழாவில் ஒருநாள் மாலை, கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றின் வெளிவீதியில் மேளக்கச்சேரி நடந்தது. அழைத்துச் செல்ல வேறு எவரும் இல்லாமையால் பேரன் உடன் சென்றான். முதியவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. அவன் அருகே தரையில் அமர்ந்தான். பழக்கத்தால் செவிப்பொறி ஒன்றைக் காதில் வைத்திருந்தான். தவில் முழங்கியபோது முதியவரின் கை தொடையில் தாளமிட்டது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த ஒலி அவருக்கு இன்னும் எட்டுகிறது. செவியால் எட்டாதது நாற்காலியின் கால்வழியே எட்டுகிறது. பின்னர் அவர் கை நின்றது. குனிந்து பேரனின் தோளைத் தட்டினார்.

"தவில் நிண்டிட்டுது. ராகம் தொடங்கிட்டான் போல. என்ன ராகம்?"

"தெரியேல்லை, அம்மப்பா."

"பேர் வேண்டாம். எப்பிடிப் போகுது எண்டு சொல்லு."

அவன் செவிப்பொறியைக் கழற்றினான். நாதஸ்வரம் எங்கோ கீழே ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தது. என்ன சொல்வதென்று அவனுக்குத் தோன்றவில்லை. பட்டப்படிப்பிற் பெற்ற சொற்களனைத்தும் அவ்வேளையில் பயன்படாதனவாயின. அழகாக இருக்கிறது என்று காதருகே கத்தினான். முதியவர் பொறுமையின்றித் தலையசைத்தார். அழகாயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது அதுவன்று. தம் உள்ளங்கையை விரித்து அவன்முன் நீட்டினார்.

சிறிது நேரம் அவன் விளங்காமல் இருந்தான். பின்னர் தன் விரலை அவ்வுள்ளங்கையில் வைத்தான். ஓசை நின்ற இடத்தில் விரலும் நின்றது. அது நடுங்கியபோது விரல் நடுங்கிற்று. மேலேறப் பார்த்துப் பாதியில் திரும்பியபோது அவனும் திரும்பினான். இவ்வாறு செய்வதற்கு அடுத்தது என்னவென்று ஒவ்வொரு கணமும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கணம் மனம் நழுவினாலும் விரல் பொய்சொல்லிவிடும். பொய்சொன்னதை அந்த உள்ளங்கை உடனே கண்டுபிடித்துச் சுருங்கிற்று. எத்தனை நிமிடம் அவ்வாறு சென்றது என்பதை அவன் பார்க்கவில்லை. ஒரே இடத்துக்கு அந்த ஓசை மீண்டும் மீண்டும் வருவதையும், ஒவ்வொரு முறையும் அதை அசைத்து அசைத்துப் பிடிப்பதையும், மேலே செல்லும்போது நடுவில் ஒரு படியைத் தாண்டிச் செல்வதையும் அவன் கண்டுகொண்டான். அப்படிக்குப் பெயர் உண்டென்பது அவனுக்குத் தெரியாது.

முதியவரின் கண் மூடியிருந்தது. "தோடி," என்றார். பின்னர், ஐயங்கொண்டவர்போல, "தோடிதான்," என்றார்.

சரியோ என்று கேட்டுவர மேடையருகே செல்லலாமென மாணவன் எழ முயன்றான். முதியவர் அவன் விரலை விடவில்லை.

"இரு," என்றார். "இன்னும் முடியேல்லை."